இரவில் பார்த்த கருப்புக் கப்பல்: லைனரா, க்ரூஸா?

கரைமணல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. கப்பல் பற்றி எனக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. வேலை முடிந்து வரும்போது துறைமுகச் சுவரோரம் அரை மணி நேரம் நிற்பது மட்டும் பழக்கமாகிவிட்டது. வெள்ளை வெளேரென்று சொகுசுக் கப்பல்கள் வரும், போகும். போன சனிக்கிழமை நின்றது வேறு மாதிரி. கீழே உடல் முழுக்கக் கருப்பு, மேலே வெள்ளை, சிவப்புப் புகைபோக்கிமேல் விளக்கு அடித்திருந்தார்கள். இருட்ட இருட்ட அந்தக் கருப்புப் பகுதி கண்ணிலிருந்தே மறைந்துவிட்டது. மேலே இருந்த வெளிச்சம் மட்டும் தண்ணீருக்கு மேலே எதன்மீதும் நிற்காமல் மிதப்பது போல இருந்தது.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "இதுதான் லைனர். மத்ததெல்லாம் க்ரூஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது சரிதானா? இரவில், வெறும் வெளிச்சத்தை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியுமா? கேமராவை முக்காலியில் வைத்து 4 விநாடி எடுத்தேன். நின்றபோது எடுத்தது நன்றாக வந்தது. கிளம்பியபோது எடுத்தது எல்லாம் வெறும் தீற்றல். அதையும் யாராவது சொல்லிக் கொடுங்கள்.

பழைய மேட்

தம்பி, அந்தப் பெரியவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இன்றைக்கு வழக்கமான ஓட்டத்தில் இருக்கும் லைனர் உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான். குயின் மேரி 2. 2004 ஜனவரியில் முதல் பயணம் கிளம்பியது. அதே கம்பெனியின் குயின் விக்டோரியா, குயின் எலிசபெத், குயின் ஆன் மூன்றுக்கும் அதே கருத்த உடல், அதே சிவப்புப் புகைபோக்கி. ஆனால் மூன்றும் க்ரூஸ் கப்பல்கள்.

லைனர் என்பது ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, சொன்ன நாளில், கடல் எப்படி இருந்தாலும் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகக் கட்டியது. க்ரூஸ் கப்பலுக்கு அந்த அவசரம் இல்லை. மோசமான வானிலை என்றால் சுற்றிக்கொண்டு போகும், ஒரு துறைமுகத்தையே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகும். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் உருவ வித்தியாசம் எல்லாம் வருகிறது. அலையைப் பிளக்க நீளமான மூக்கு, ஒடுங்கிய உடல், தடித்த தகடு, வேகம். குயின் மேரி 2 தேவைப்பட்டால் 30 நாட் வரை போகும் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). க்ரூஸ் கப்பல்கள் பெரும்பாலும் 22 நாட் பக்கத்திலேயே நின்றுவிடும்.

இரவில் இதை எப்படிப் பார்ப்பது? முதலில் உயிர்காப்புப் படகுகளைத் தேடுங்கள். அவை தொங்கும் தளத்தில் எப்போதும் விளக்கு எரியும், வரிசையாக ஆரஞ்சும் வெள்ளையுமாகத் தெரியும். க்ரூஸ் கப்பலில் அந்த வரிசை தாழ்வாக, தண்ணீரிலிருந்து 15 மீட்டர் அளவில் இருக்கும். குயின் மேரி 2-இல் அது சுமார் 25 மீட்டர் உயரத்தில். வட அட்லாண்டிக் அலை படகுகளை அடித்துவிடக் கூடாது என்பதற்காக அவ்வளவு மேலே வைத்தார்கள். அதனால் உண்மையான லைனருக்குக் கீழே இருட்டு அதிகம், வெளிச்சம் உயரத்தில்தான் தொடங்கும்.

அப்புறம் மூக்கைப் பாருங்கள். க்ரூஸ் கப்பலில் அறைகளும் பால்கனிகளும் முன்பக்கம் கிட்டத்தட்ட நுனிவரை வந்துவிடும். லைனரில் முதல் வெளிச்சத்துக்கு முன்னால் நீளமாக ஒரு வெற்று இருட்டு இருக்கும். அங்கே தளமும் நங்கூரச் சங்கிலியும்தான். உங்கள் படத்தில் இந்த இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

நீலநேரம்

படக் கேள்விக்கு நான் வருகிறேன். முழு இருட்டில் எடுக்காதீர்கள். சூரியன் மறைந்து இருபது முப்பது நிமிடம் கழித்து வானம் கருநீலமாக இருக்கும். அப்போது வானமும் ஜன்னல் வெளிச்சமும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். அதைத் தாண்டினால் வானம் கருப்பாகிவிடும், ஜன்னல்கள் வெளுத்துப்போகும், கப்பலின் உருவமே படத்தில் இருக்காது. நீங்கள் சொன்ன கருப்பு உடல் கொஞ்சமாவது பதிய வேண்டுமென்றால் அந்த நேரம்தான்.

தீற்றல் ஏன் வந்தது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். துறைமுகத்துக்குள் 6 நாட் வேகத்தில் போகும் கப்பல் விநாடிக்கு 3 மீட்டர் நகர்கிறது. நீங்கள் 4 விநாடி திறந்து வைத்தால் 12 மீட்டர். 300 மீட்டர் கப்பல் உங்கள் படத்தில் 6000 புள்ளி (பிக்சல்) அகலம் என்றால் மீட்டருக்கு 20 புள்ளி. அதாவது ஒவ்வொரு ஜன்னலும் 240 புள்ளிக்கு இழுபட்டிருக்கிறது. இதையே விநாடியில் 30-இல் ஒரு பங்குக்குக் குறைத்தால் கப்பல் 10 சென்டிமீட்டர்தான் நகரும், வெறும் 2 புள்ளி. கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, ஏற்றுங்கள், மணல் மணலாக வந்தாலும் பரவாயில்லை. கப்பல் கட்டி நிற்கும்போது மட்டும் 2, 4 விநாடி வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒன்றிரண்டு படம் மங்கலாகத்தான் வரும், ஏனென்றால் கட்டிய கப்பலும் சும்மா நிற்பதில்லை. கயிறு இழுக்க இழுக்க, தண்ணீர் ஏற இறங்க, அது மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். ஐந்தாறு எடுத்து வைத்தால் ஒன்று நிச்சயம் கூர்மையாக இருக்கும்.

தண்ணீரில் விழும் வெளிச்சத்தையும் விட்டுவிடாதீர்கள். காற்று அடங்கிய இரவில் கப்பல் தலைகீழாக அப்படியே தெரியும். லேசாகச் சலனம் வந்தால் ஒவ்வொரு விளக்கும் உங்களை நோக்கி நீண்ட தூணாக இறங்கும். சிற்றலைகளின் சாய்வுகள் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கண்ணாடிபோல அந்த ஒளியைத் திருப்பிவிடுவதுதான் காரணம். நெடுநேரம் திறந்து எடுத்தால் அந்தத் தூண்கள் பட்டுத்துணி மாதிரி வரும். எனக்குக் கப்பலைவிட அதுதான் பிடிக்கும்.

கரைமணல்

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படகு வரிசை தாழ்வாகத்தான் இருக்கிறது. அதற்கு மேலே கண்ணாடித் தடுப்பு போட்ட பால்கனிகள் அடுக்கடுக்காக, முன்பக்கம் நெருக்கமாகவே வந்திருக்கின்றன. அப்படியென்றால் அது க்ரூஸ் கப்பல்தான், இல்லையா ஐயா? உண்மையைச் சொன்னால் மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

பழைய மேட்

க்ரூஸ்தான் தம்பி. ஆனால் மனம் தளர வேண்டாம். பார்க்கத் தெரிந்துகொண்டீர்கள், அது பெரிது. லைனரின் உடலிலும் பால்கனி உண்டு. ஆனால் குயின் மேரி 2-இன் கீழ்த்தளங்களில் அவை தடித்த இரும்புத் தகட்டில் ஓட்டை போட்டது மாதிரி இருக்கும். கண்ணாடி பளபளக்காது. இருட்டில் தனித்தனிச் சதுரங்களாகத் தெரியும்.

பழம்புகை

லைனர் என்றாலே எனக்கு இரவும் துறைமுகமும்தான் நினைவுக்கு வரும். அந்தக் காலத்தில் பல துறைமுகங்களுக்குப் பெரிய கப்பல் உள்ளே வர முடியாது. வெளியே நங்கூரமிட்டு நிற்கும், சின்ன நீராவிப் படகுகள் ஆட்களைக் கொண்டுபோய் ஏற்றும். 1912 ஏப்ரல் 10 மாலை டைட்டானிக் செர்போர்க் துறைமுகத்தில் அப்படித்தான் நின்றது. நொமாடிக், டிராஃபிக் என்ற இரண்டு படகுகள் பயணிகளைக் கொண்டுபோயின. ஒன்றரை மணி நேரம்போல நின்றுவிட்டு, இரவு எட்டு மணி தாண்டி கிளம்பிப் போனது. கரையில் இருந்தவர்கள் அந்த வெளிச்ச வரிசையைப் பார்த்தது அதுதான் கடைசி. நொமாடிக் இன்றும் பெல்ஃபாஸ்ட்டில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

என்னால் மறக்கவே முடியாத துறைமுக இரவு ஒன்று உண்டு. நார்மண்டி. 1935-இல் வந்த பிரெஞ்சுக் கப்பல், என் கண்ணுக்கு அதைவிட அழகான கப்பல் கட்டப்படவில்லை. போர் வந்ததும் நியூயார்க்கின் 88-ஆம் துறையில் கட்டிப்போட்டு, படைகளை ஏற்றிச் செல்லும் கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். 1942 பிப்ரவரி 9 பிற்பகல், வெட்டு வேலையில் பறந்த பொறி உயிர்காப்பு அங்கிக் குவியலில் பட்டுத் தீப்பிடித்தது. தீயணைப்புப் படகுகள் பக்கத்திலிருந்து மணிக்கணக்காகத் தண்ணீரை இறைத்தன. அந்தத் தண்ணீர் மேல்தளங்களிலேயே தங்கிவிட்டது. தங்கிய தண்ணீர் சாய்ந்த பக்கமே ஓடும், ஓட ஓடக் கப்பல் இன்னும் சாயும். கப்பலை வடிவமைத்த விளாதிமிர் யூர்கெவிச் துறைக்கே வந்து, அடித்தள வால்வுகளைத் திறந்துவிட்டால் நிமிர்ந்தபடியே ஆழமில்லாத தரையில் உட்கார்ந்துவிடும் என்றார். அவர் பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை. தீ அடங்கிவிட்டது. ஆனால் நள்ளிரவு தாண்டி, அதிகாலை இரண்டே முக்கால் மணிவாக்கில், அத்தனை பெரிய கப்பல் இடப்பக்கமாகப் படுத்துவிட்டது. தீயில் பிழைத்த கப்பலை, தீயை அணைக்க ஊற்றிய தண்ணீரே சாய்த்தது. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

நல்ல இரவும் ஒன்று சொல்ல வேண்டும். 2008 ஜனவரி 13 அன்று குயின் மேரி 2, குயின் எலிசபெத் 2, குயின் விக்டோரியா மூன்றும் நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவி சிலைக்கு முன்னால் சந்தித்தன. வாணவேடிக்கை விட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் குயின் எலிசபெத் 2 ஓய்வுபெற்று துபாய் போய்ச் சேர்ந்தது, 2018-இலிருந்து அங்கே ஓட்டலாக இருக்கிறது. நியூயார்க்கில் இன்னொன்றையும் ரசிக்கலாம். வெரசானோ பாலத்துக்கு அடியில் போகத்தான் குயின் மேரி 2-இன் புகைபோக்கி அந்த உயரத்தில் நிறுத்தப்பட்டது. நீர்மட்டம் ஏறியிருக்கும்போது இடைவெளி சுமார் 4 மீட்டர்தான். இரவில் பாலத்து விளக்கு புகைபோக்கியைத் தொட்டுவிடும் போலத் தெரியும்.

கீழ்த்தளம்

லைனர் பெருமை எல்லாம் சரி. ஆனால் "வெறும் க்ரூஸ்" என்று மனசுக்குக் கஷ்டப்படும் நண்பருக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்பது வருஷம் அப்படிப்பட்ட கப்பல்களில் அறை பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். கரையில் நின்று நீங்கள் பார்க்கும் அந்த ஆயிரம் ஜன்னல்களில் எங்கள் ஜன்னல் ஒன்றும் கிடையாது. பெரும்பாலான பணியாட்களின் அறை நீர்மட்டத்துக்குப் பக்கத்திலோ அதற்குக் கீழேயோ இருக்கும். கப்பலின் முழு நீளத்துக்கும் ஒரு நடைபாதை ஓடும், அதற்கு எல்லோரும் ஐ-95 என்று பெயர் சொல்வார்கள். அமெரிக்க நெடுஞ்சாலையின் பெயர். அதில் வண்டி தள்ளிக்கொண்டு போகும்போது மேலே பாட்டு கேட்கும், வெளியே இரவா பகலா என்று தெரியாது.

என்னைப் பொறுத்தவரை துறைமுகத்து இரவு என்றால் போனில் சிக்னல் வரும் நேரம். இப்போது கடல் நடுவிலும் இணையம் வந்துவிட்டது. நான் சேர்ந்த காலத்தில் அப்படியில்லை. கரை நெருங்கும்போது முதலில் ஒருவனுடைய போன் சட்டைப்பையில் அதிரும். உடனே பத்துப் பேர் திறந்த தளத்துக்கு ஓடுவோம். எதிரே நகரம் முழுக்க விளக்கு. எங்களுக்கு அது கோபுரமோ கட்டிடமோ இல்லை. யாராவது ஒருவர் குரல் கேட்கப்போகிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். என் பக்கத்தில் நின்றவன் ஒருநாள் பேசி முடித்துவிட்டு, "என் பொண்ணு என்கிட்ட முதல் தடவையா முழு வாக்கியம் பேசிட்டா" என்றான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

அதனால் கரையில் நிற்கும்போது மேலே இருக்கும் ஜன்னல்களோடு நிறுத்தாதீர்கள். முன்பக்கம், தண்ணீருக்கு கொஞ்சம் மேலே, உடலில் ஓட்டைகள் தெரியும். அது கயிறு கட்டும் தளம். கிளம்பும் நேரத்தில் அங்கே பெரிய விளக்கு போடுவார்கள். தலைக்கவசம் போட்ட நாலைந்து பேர் தெரிவார்கள். அங்கிருந்துதான் கப்பல் உண்மையில் கிளம்புகிறது.

வடகாற்று

எல்லோரும் வெளிச்சத்தைப் பாராட்டுகிறீர்கள். அந்த வெளிச்சத்துக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்றும் பேச வேண்டும். கட்டி நிற்கும் கப்பலில் ஓட்டும் வேலை நின்றாலும், ஜெனரேட்டர் நிற்காது. குளிர்சாதனம், சமையலறை, விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய க்ரூஸ் கப்பலுக்கு பல மெகாவாட் வேண்டும். நான் துறைமுகத்துக்கு மிகப் பக்கத்தில் பல வருஷம் குடியிருந்தவள். காற்று எங்கள் பக்கம் திரும்பிய இரவுகளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் தூங்குவோம். மாடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியில் கரி படிந்திருக்கும். அந்த வெளிச்சத்தை என்னால் அழகு என்று மட்டும் பார்க்க முடியவில்லை.

வழி இல்லாமல் இல்லை. கரையிலிருந்தே மின்சாரம் கொடுப்பது. க்ரூஸ் கப்பலுக்கு இதை முதலில் செய்த இடம் அலாஸ்காவின் ஜூனோ, 2001-இல். 6.6 அல்லது 11 கிலோவோல்ட்டில் தடித்த கேபிள்களைக் கப்பலின் பக்கத்துக் கதவு வழியாகச் சொருகுவார்கள். பெரும்பாலான கப்பல்கள் 60 ஹெர்ட்ஸ், பல நாடுகளில் கரையில் 50 ஹெர்ட்ஸ், அதனால் நடுவில் அதிர்வெண் மாற்றும் கருவி ஒன்று வேண்டும். செலவு அதிகம்தான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2030 முதல் முக்கியத் துறைமுகங்களில் பயணிகள் கப்பல்கள் இதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று விதி கொண்டுவந்துவிட்டது. எண்ணெயில் கந்தகம் 0.5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற உலக விதியும் 2020-இலிருந்து இருக்கிறது. அடுத்த முறை போகும்போது புகைபோக்கி மேலே விளக்கு வெளிச்சத்தில் புகை அசைகிறதா என்று பாருங்கள். அசையவில்லை, ஆனால் ஜன்னல்கள் எரிகின்றன என்றால் அது கரை மின்சாரமாக இருக்கலாம். அப்படி ஒரு கப்பலை ரசிக்க எனக்கும் ஆட்சேபம் இல்லை.

பழைய மேட்

அம்மா, நீங்கள் சொல்வது நியாயம். உள்ளே இருந்தவன் என்ற முறையில் நானும் ஒப்புக்கொள்கிறேன்.

வெளிச்சத்தில் எனக்கும் ஒரு குறை உண்டு, அது வேறு. சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 20-ஆம் விதி என்று ஒன்று. கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று மற்றவர்களுக்குக் காட்டும் வழி விளக்குகளோடு குழப்பம் வரும்படியோ, அவற்றை மறைக்கும்படியோ, கண்காணிப்பைக் கெடுக்கும்படியோ வேறு விளக்கு காட்டக் கூடாது. இப்போது சில கப்பல்களில் மேல்தளத்தில் நிறம் மாறும் விளக்கும் பெரிய திரையும் எரிகின்றன. சின்னப் படகில் இருப்பவனுக்கு அந்த ஒளிக்காட்டில் ஒரு சிவப்பு விளக்கைத் தேடிக் கண்டுபிடிப்பது சாதாரண காரியம் இல்லை. துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டை ஏற்றி இறக்கும் பைலட் படகில் நான் போயிருக்கிறேன், அதன் சிரமம் தெரியும்.

கரைமணல் தம்பிக்கு ஒன்று. அத்தனை வெளிச்சத்துக்கும் நடுவில் ஓர் இடம் மட்டும் இருட்டாக இருக்கும். முன்பக்கம், மேலே, கப்பலின் அகலத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு. அதுதான் பிரிட்ஜ், கப்பலை ஓட்டும் இடம். அங்கே விளக்கு போட்டால் கண்ணாடியில் நம் முகம்தான் தெரியும், கடல் தெரியாது. இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடம் ஆகும், யாராவது ஒரு நொடி கதவைத் திறந்து வெளிச்சம் விட்டால் மறுபடி முதலிலிருந்து. அதனால்தான் முன்பக்க அறைப் பயணிகளிடம் இரவில் திரைச்சீலையை மூடச் சொல்வார்கள். மூவாயிரம் பேர் வெளிச்சத்தில் இருக்க, ஐந்தாறு பேர் இருட்டில் நிற்கிறார்கள். லைனரோ க்ரூஸோ, இது இரண்டுக்கும் ஒன்றுதான். நான் முதலில் தேடுவது அந்த இருட்டைத்தான்.

கட்டி நிற்கும்போது வழி விளக்கு வேண்டியதில்லை. கிளம்பும்போது போடுவார்கள். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. மேலே கம்பத்தில் முன்னால் ஒரு வெள்ளை, பின்னால் அதைவிட உயரமாக ஒன்று. இந்த இரண்டு வெள்ளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் கப்பல் உங்களை நேராகப் பார்க்கிறது. விலக ஆரம்பித்தால் திரும்புகிறது. வெள்ளைக்குக் கீழே சிவப்பு என்று ஒரு சின்னப் படகு அலைந்தால் அது பைலட் படகு. இதை வைத்துக்கொண்டு அடுத்த முறை பாருங்கள், கப்பல் உங்களோடு பேசும்.

பழம்புகை

பழைய மேட் ஐயா, ஊதலையும் சொல்லுங்கள்! குயின் மேரி 2-இல் இருக்கும் ஊதல்களில் ஒன்று பழைய குயின் மேரியுடையது. 1967-இலிருந்து லாங் பீச்சில் நிற்கும் அந்தக் கப்பலிலிருந்து கொடுத்தது. பத்து மைல் கேட்கும் என்பார்கள்.

பழைய மேட்

கேட்கும். இரவில் இன்னும் நன்றாகக் கேட்கும். தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே காற்று சூடாக இருந்தால் ஒலி மேலே போகாமல் வளைந்து கீழேயே வரும். ஒரு குறுகிய ஊதல் என்றால் வலப்பக்கம் திரும்புகிறேன், இரண்டு என்றால் இடப்பக்கம், மூன்று என்றால் இயந்திரம் பின்னோக்கி ஓடுகிறது. ஐந்து கேட்டால் யாரோ யாரையோ எச்சரிக்கிறார்கள்.

கரைமணல்

நேற்று மறுபடி அதே கருப்புக் கப்பல் வந்தது. நீங்கள் எல்லோரும் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றேன்.

புகைபோக்கி மேலே புகை அசைந்துகொண்டுதான் இருந்தது, வடகாற்று அக்கா. அதைப் பார்த்தபிறகு பார்க்காதது போல இருக்க முடியவில்லை.

கயிறுகளில் வட்டத் தட்டு மாட்டியிருந்தது, எலி ஏறாமல் இருக்க என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். இருட்டிய பிறகு கீழே இருந்த ஓட்டைகளில் விளக்கு வந்தது. தட்டுகளைக் கழற்றினார்கள். கரையில் இரண்டு பேர் கயிற்றின் வளையத்தைக் கட்டுத்தறியிலிருந்து தூக்கிப் போட்டார்கள். அது தொப்பென்று தண்ணீரில் விழுந்தது, அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. உள்ளே நின்ற ஒருவர் சொட்டச் சொட்ட ஏறி வரும் கயிற்றைக் கையுறைக் கையால் தொட்டு வழிவிட்டுக்கொண்டிருந்தார். கீழ்த்தளம் அண்ணா, அவர் ஒரு நிமிடம் நிமிர்ந்து நகரத்தைப் பார்த்தார்.

அப்புறம் பிரிட்ஜைத் தேடினேன். கண்டுபிடிக்கச் சுலபம், அங்கே மட்டும்தான் ஒன்றுமே இல்லை. கப்பல் அங்குலம் அங்குலமாகச் சுவரை விட்டு விலகியது. முதலில் பச்சை மட்டும் தெரிந்தது. ஒரு குறுகிய ஊதல். மூக்கு என் பக்கம் திரும்பத் திரும்ப, மேலே இரண்டு வெள்ளையும் நெருங்கி நெருங்கி ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன, கீழே பச்சையும் சிவப்பும் சேர்ந்து தெரிந்தன. அந்த நேரம் படம் எடுக்கவே மறந்துவிட்டேன், நீலநேரம். பிறகு பச்சை அணைந்தது போல மறைந்தது, சிவப்பு மட்டும் மிச்சம். வெள்ளைக்குக் கீழே சிவப்போடு ஒரு சின்னப் படகு பின்னாலேயே ஓடியது.

துறைமுக வாயைத் தாண்டித் திரும்பியதும் பால்கனி வெளிச்சம் எல்லாம் சேர்ந்து ஒரே கீற்றாகிவிட்டது. அதற்குக் கீழே பின்பக்க வெள்ளை விளக்கு ஒன்று. கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்னப் படகு மட்டும் திரும்பி வந்தது, பைலட்டை இறக்கிக்கொண்டு.